சினகாக்குக்குத் துணையா நிக்கணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கறது

சர்ச்சோ மசூதியோ கோயிலோ குருத்வாராவோ, உங்க ஆளுங்கள சேத்துக்கிட்டு யூத வெறுப்புக்கு எதிரா ஏதாவது செய்யணும்னு தோணிச்சுன்னா உடனே பேனர் அடிக்க ஓடாதீங்க. பக்கத்துல இருக்கற சினகாக்குக்கு, அதாவது யூதர்களோட வழிபாட்டு இடத்துக்கு போன் போட்டு, இப்ப உங்களுக்கு என்ன தேவைன்னு அங்க இருக்கற மதகுரு ரபிகிட்ட கேளுங்க. சில சமயம் வாசல்ல கூட்டம் சேர்றதே அவங்க செக்யூரிட்டிக்கு தலைவலி, வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க.

மீட்டிங்க வெள்ளிக்கிழமை சாயந்தரம், சனிக்கிழமை பகல்ல வைக்காதீங்க, அது ஷபாத், யூதர்களோட வாராந்திர ஓய்வு நாள், ஆசாரமா இருக்கறவங்க போனும் எடுக்க மாட்டாங்க வண்டியும் ஓட்ட மாட்டாங்க, நீங்க போய் நிக்கறப்ப செல்ஃபி எடுத்தாலும் அவங்களுக்கு சங்கடம்தான். நார்வே தலைநகர் ஆஸ்லோல இத அழகா பண்ணாங்க. 2015 பிப்ரவரில டென்மார்க்ல கோபன்ஹேகன் சினகாக் வாசல்ல காவலுக்கு நின்னவர சுட்டுக் கொன்னாங்க இல்லையா, அடுத்த சனிக்கிழமை ராத்திரி ஷபாத் முடியற நேரமா பாத்து, முஸ்லிம் பசங்க கூப்பிட்டு ஆயிரம் பேருக்கு மேல வந்து ஆஸ்லோ சினகாக் முன்னாடி நின்னாங்க, ஷபாத்த முடிக்கற பாட்ட ரபி வெளியவே வந்து பாடினார்.

அறிக்கை விட்டா "எல்லா வெறுப்பையும் கண்டிக்கிறோம்"னு மழுப்பாம, யூதர்னு பேர் சொல்லியே எழுதுங்க. இஸ்ரேல் அரச பத்தி உங்களுக்குள்ளயே நாலு கருத்து இருக்கும், அத விமர்சிக்கறது வேற, ஆனா பக்கத்துத் தெரு யூதர் அதுக்கு பதில் சொன்னாதான் துணைக்கு வருவோம்னா நீங்க போகவே வேண்டாம்.

நெஜமான கஷ்டம் நம்ம வாட்ஸாப் குரூப்லதான். யூதர்தான் உலகத்தையே ஆட்டி வைக்கறாங்கன்னு ஒரு ஃபார்வர்டு வரும், கூடவே சீயோன் மூப்பர்களோட ரகசிய ஆவணம்னு ஒண்ணு. அது 1903ல ரஷ்யால வெளிவந்த பொய், மூணாம் நெப்போலியன கிண்டல் பண்ணி வந்த பிரெஞ்சு புத்தகத்துலேந்து காப்பியடிச்சதுன்னு லண்டன் டைம்ஸ் பத்திரிகை 1921லயே ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டிடுச்சு. அனுப்பினவர் பெரியவரா இருந்தா குரூப்ல மானத்த வாங்காம தனியா மெசேஜ் பண்ணுங்க. கிறிஸ்தவங்களா இருந்தா புனித வெள்ளி பிரசங்கத்தையும் கொஞ்சம் காது கொடுத்து கேளுங்க, இயேசுவோட சாவுக்கு யூதர் எல்லாரையும் பொறுப்பாக்க முடியாதுன்னு 1965ல வத்திக்கான் சொன்னதுக்கப்புறமும் பழைய பேச்சு அங்கங்க வந்துட்டுதான் இருக்கு.

பணம் திரட்டறதுன்னா யார் கைல, எதுக்குன்னு முன்னாடியே பேசிக்கோங்க. 2018ல அமெரிக்கால பிட்ஸ்பர்க் சினகாக்ல 11 பேர சுட்டுக் கொன்னப்ப முஸ்லிம் அமைப்புங்க ரெண்டு லட்சம் டாலருக்கு மேல திரட்டினாங்க, இறுதிச் சடங்குக்கும் அடிபட்டவங்களுக்கும்னு சொல்லியே. அடுத்த வருஷம் நியூசிலாந்துல கிரைஸ்ட்சர்ச் மசூதிகள்ல அதே கொடும நடந்தப்ப பிட்ஸ்பர்க் யூதர்கள் வசூல் பண்ணாங்க.