வேக்கோ முற்றுகையைப் படமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய தவறு, தீயில் தொடங்குவது. 1993 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில், வேக்கோ நகருக்கு வெளியே, டேவிட் கொரேஷ் தலைமையிலான 'பிராஞ்ச் டேவிடியன்' என்ற மதக் குழுவின் இருப்பிடமான மவுண்ட் கார்மல் எரிந்த காட்சி பலருக்கும் தெரியும், சரி. ஆனால் படம் அதில் ஆரம்பித்தால் அதற்கு முன் அரசுப் படைகள் அந்த இடத்தை முற்றுகையிட்டிருந்த 51 நாளும் விதியே என்று கழிந்த நாட்களாகத் தெரியும். விதி எல்லாம் இல்லை. எஃப்.பி.ஐ. பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்த அந்த நாட்களில் 35 பேர் உயிரோடு வெளியே வந்தார்கள், அதில் 21 பேர் குழந்தைகள். அதே சமயம் எஃப்.பி.ஐ.யின் இன்னொரு பிரிவு மின்சாரத்தைத் துண்டித்து, ராத்திரி முழுக்க விளக்கைப் பாய்ச்சி, கொல்லப்படும் முயல்களின் அலறலை ஒலிபெருக்கியில் போட்டது. ஒரு கை அழைக்க, மறு கை மிரட்டியது. கதையே அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, இறந்தவர்களில் ஒரு பக்கத்தை மறைப்பது. முற்றுகைக்குக் காரணமான பிப்ரவரி 28 அதிரடிச் சோதனையன்றே, அதை நடத்திய ஏ.டி.எஃப். (ஆயுதச் சட்டங்களை அமலாக்கும் மத்திய அரசு அமைப்பு) ஆட்கள் 4 பேரும், கொரேஷ் குழுவினர் 6 பேரும் செத்தார்கள். யார் பக்கம் நின்று படம் எடுத்தாலும் பத்துப் பேரையும் சொல்லியாக வேண்டும்.

மங்கலான காட்சியை ஆதாரமாகக் காட்டுவது இன்னும் ஆபத்து. கடைசி நாள் விமானத்திலிருந்து எடுத்த அகச்சிவப்புப் பதிவில் சட்சட்டென்று சில வெளிச்சங்கள் தெரியும். அதில் அம்புக்குறி போட்டு, பின்னால் இசையும் சேர்த்து, 'எஃப்.பி.ஐ. சுடுகிறது' என்று சொல்லிவிட்டால் பார்ப்பவர் நம்பிவிடுவார். 2000-இல் முன்னாள் செனட்டர் ஜான் டான்ஃபோர்த் தலைமையிலான அரசு விசாரணை, ஃபோர்ட் ஹூட் ராணுவத் தளத்தில் அதேபோலச் சுட்டுப் படமெடுத்துப் பார்த்து, அவை சிதறிக் கிடந்த பொருட்களின் பிரதிபலிப்பு என்று முடிவுக்கு வந்தது. அந்தக் கடைசி நாள் காலை தீப்பொறி கக்கும் கண்ணீர்ப்புகைக் குண்டுகள் சிலவற்றைச் சுட்டதை எஃப்.பி.ஐ. 1999 வரை ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் உண்மைதான், அதனால் சந்தேகம் வருவது நியாயம். அப்புறம், அந்தக் குண்டுகள் தீப்பிடிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே சுடப்பட்டவை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

டேவிட் கொரேஷைத் தவிர மற்றவர்களை மந்தையாகக் காட்டாதீர்கள். 18 வயது நிரம்பாத சிறுமிகளை மனைவியாக்கிக்கொண்டவர் அவர், அதை மழுப்பக் கூடாது. ஆனால் உள்ளே இருந்தவர்கள் பைபிளை வரிவரியாகப் படித்து விவாதித்தவர்கள். பைபிளின் வெளிப்படுத்தல் நூலில் வரும் ஏழு முத்திரைகளுக்கு விளக்கம் எழுதி முடித்ததும் வெளியே வருவதாக ஏப்ரல் 14-இல் கொரேஷ் சொன்னதை வெறும் சாக்கு என்று பல படங்கள் தாண்டிப் போகின்றன. தீயிலிருந்து தப்பிய ஒரு பெண்ணிடம் ஒரு கணினி டிஸ்க் இருந்தது. அதில் முதல் முத்திரைக்கான விளக்கம் இருந்தது.