பழைய பாட்டை மீண்டும் பதிவு செய்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

கசெற் காலத்தில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இசைக்குழுக்களில் பாடிப் பேர் எடுத்த பலருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. வீட்டு அறையையே ஸ்டூடியோ ஆக்கி வைத்திருக்கும் பொடியன்மார் கல்லடியிலும் இருக்கிறார்கள், கல்முனையிலும் இருக்கிறார்கள். அந்த நாளில் கிற்றாரோடு பாடிய மெதுவான காதல் பாட்டைத் திருத்தமாகப் பாடி யூடியூபில் போட்டுவிடலாம் என்று ஆசை வருவது இயல்புதான். ஆனால் பழைய பதிவை ஹெட்போனில் ஓடவிட்டு "இதே மாதிரி வரவேண்டும்" என்று தொடங்கினால் முதல் நாளே வேலை கெட்டுவிடும்.

அதன் முதல் பலி சுருதி. இளமையில் 5 கட்டையில் (கீபோட்டில் 'ஜி' சுருதி) பாடிய பாட்டை இன்றும் 5 கட்டையில்தான் பாடுவேன் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். வயது போகப் போகக் குரல்நாணின் நெகிழ்ச்சியும் மூச்சின் கொள்ளளவும் குறைகின்றன. நீட்டிப் பிடிக்கும் சுரம் அலைகிறது. உச்சத்தைக் கத்தித்தான் பிடிக்க முடியும். காதல் பாட்டில் கத்தல் கேட்டால் சண்டை பிடிக்கிற மாதிரி இருக்கும். சரி, இறக்குவோம் என்று உச்ச சுரத்தை மட்டும் பார்த்து ஒரேயடியாக 2 கட்டைக்கு இறக்கினாலும் ஆபத்துத்தான். பல்லவி மந்தரப் பஞ்சமத்தில் (கீழ் ஸ்தாயியின் 'ப') தொடங்கும் பாட்டென்றால் முதல் வரி தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும், சொல் வெளியே வராது. ஆகவே கீழிருந்து பாருங்கள். முதல் வரியின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிற அளவுக்கு மட்டும் இறக்கிவிட்டு, அப்படியும் எட்டாத உச்சத்தை வேறு சுரத்துக்கு மாற்றிவிடலாம். மேல் ஸட்ஜம் ('ஸ') எட்டவில்லை, கிற்றாரில் பிடிக்கும் கோட்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) ஸட்ஜத்திலேயே நிற்கிறது என்றால் பஞ்சமம் அழகாகவே பொருந்தும். 2½ கட்டை ('டி'க்கு அரைக்கட்டை மேலே) குரலுக்குச் சரிவந்தால் கிற்றார்க்காரர் முதல் கட்டத்தில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு 'டி' வடிவங்களையே பிடிக்கலாம். விரல் அழுத்தாத திறந்த தந்திகளின் ஒலி போகாது. கீபோட்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிற தைரியத்தில் கிற்றார்க்காரரைக் கேட்காமலே சுருதியை முடிவு செய்வது நம்மூரில் வழக்கமான கூத்து.

கனடாப் பாடகி ஜோனி மிட்செல் 'போத் சைட்ஸ் நவ்' பாட்டை 1969இல் தன் கிற்றாரோடு பாடி வெளியிட்டார். 2000இல் பெரிய ஓர்கெஸ்ட்ராவோடு அதையே திரும்பப் பாடினார். குரல் நன்றாக இறங்கி, புகை படிந்ததுபோல் இருக்கிறது, வேகமும் குறைவு. இளமையை அவர் துரத்தவே இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குப் போவது நல்லது. நகல் எடுப்பதற்கும் நியாயமான காரணம் இருக்கலாம்தான்: டெஃப் லெப்பர்ட் என்ற இங்கிலாந்து றொக் குழு, பதிவு நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் தகராறு வந்தபோது, 2012இல் தன் பழைய பாட்டுகளை அச்சு அசலாகத் திரும்பப் பதிவு செய்தது. அது வியாபாரக் கணக்கு. உங்களுக்கு அப்படியொரு வழக்கு இல்லையென்றால் ஏன் நகல்?

அப்புறம், பழைய கசெற்றின் சுருதியை நம்பவே வேண்டாம். நாடா ஓடும் வேகம் இயந்திரத்துக்கு இயந்திரம் கொஞ்சம் மாறும். அதோடு கீபோட்டை வைத்துப் பார்த்தால் இரண்டு கட்டைக்கும் நடுவில் எங்கோ நிற்கும். ஒரே வேகத்தில் தட்டிக் காட்டும் மெட்ரோனோமையும் அப்படியே நம்ப வேண்டாம். பழைய பாட்டில் வேகம் சரணத்தில் ஏறி, பல்லவிக்குத் திரும்பும்போது தளர்ந்திருக்கும். அதை ஒரே வேகத்தில் அடைத்தால் மூச்செடுக்க இடம் கிடைக்காது. கிற்றாரையும் குரலையும் ஒன்றாகப் பதிவு செய்துவிட்டு மற்றதைப் பிறகு சேர்க்கலாம்.

"அண்ணன், நீங்க பாடுங்க, நான் புறகு சரி பண்ணித் தாரன்" என்று சுருதியைத் திருத்தும் ஓட்டோட்யூன் மென்பொருளைக் காட்டும் தம்பியிடம் கவனம். வழுக்கிப் போகும் கமகத்தையும் அது பிழையென்று நினைத்து நேராக்கிவிடும். கரகரப்பான குரலில் அது உடனே தெரியும்.

இடமும் காலமும் பார்க்க வேண்டும். கச்சான் காற்று வீசும் நாட்களில் தொண்டை வரளும். ஃபேன் போட்டால் மைக்கில் இரைச்சல், நிறுத்தினால் வியர்வை. விடியப்புறம் பாடுவது உத்தமம், ஆனால் வைகாசியில் வேண்டாம். கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற ஊரில் ஒலிபெருக்கிக்கு நேரம் காலம் கிடையாது.

நான் பாடிய பாட்டுத்தானே, யாரைக் கேட்க வேண்டும் என்பார்கள். வரி எழுதியவரையும் மெட்டுப் போட்டவரையும் கேட்க வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியோனின் பொருளாதார உரிமை அவர் இறந்த பிறகும் 70 ஆண்டுகளுக்கு இருக்கிறது. அவர் இல்லையென்றால் பிள்ளைகளிடம் போய், எழுத்தில் வாங்குங்கள். பழைய கசெற்றிலிருந்து வயலின் துண்டொன்றை வெட்டி ஒட்டுவது வேறு கதை; பாட்டின் உரிமை வேறு, அந்த ஒலிப்பதிவின் உரிமை வேறு.

கடைசியில் சத்தத்தைக் கூட்டி நசுக்குவதிலும் பயனில்லை. ஸ்பொட்டிஃபை சுமார் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) அளவுக்குத் தானே குறைத்துவிடும். மிஞ்சுவது நசுங்கிய குரல்தான். புதிய பதிவுக்குப் புதிய ஐ.எஸ்.ஆர்.சி. இலக்கம் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய அடையாள எண்) எடுங்கள், தலைப்பில் ஆண்டையும் போடுங்கள். இல்லாவிட்டால் பழையதைத் தேடி வருகிறவர் புதியதைக் கேட்டுவிட்டு, குரலுக்கு என்ன நடந்தது என்று கீழே எழுதுவார்.