வருசா வருசம் கமிஷன் கேட்கும் ஏஜென்ட்: வீட்டுக்காரர் செய்ய வேண்டியது

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் ஒரு மாத வாடகை கமிஷன் என்பது பழகிப்போன கணக்கு. அதில் பெரிதாகத் தகராறு வருவதில்லை. 11 மாத அக்ரிமென்ட் முடிந்து அதே ஆள் அதே வீட்டில் தொடரும்போது, "ரெனிவலுக்கு அரை மாசம் குடுங்ண்ணா, எல்லா ஊட்லயும் வாங்கறதுதானுங்க" என்று ஏஜென்ட் நிற்பார். சண்டை அங்கேதான் பிறக்கிறது.

அவர் கேட்பதை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: ஆள் பிடித்த கமிஷன், ரெனிவல் கட்டணம், மாதாமாதம் பிடிக்கும் பராமரிப்புக் கட்டணம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 219-ஆம் பிரிவுப்படி, தனியாக வேறு பேச்சு இல்லாவிட்டால், ஒப்புக்கொண்ட வேலையை முடித்தால்தான் அதற்குரிய கூலி. ஆள் பிடித்த வேலை ஒருமுறைதான் நடந்தது. ரெனிவல் கட்டணம் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒப்புதல் இருந்திருக்க வேண்டும். ஆனால் கையெழுத்துப் போட்ட தாளை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அவர் கேட்டு நீங்கள் "சரி" என்று போட்டிருந்தால் அதுவும் ஒப்புதல்தான். முன்பு மறுபேச்சில்லாமல் கொடுத்திருந்தால் அதையும் எடுத்துக் காட்டுவார்.

அடுத்தது கணக்கு. கேட்டால் கணக்குக் காட்டுவது ஏஜென்டின் கடமை. 213-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. மாதவாரியாக எழுத்தில் கேளுங்கள். உதாரணத்துக்கு, ஏஜென்ட் வசூலித்த வாடகை 18,000 ரூபாய், உங்கள் கைக்கு வந்தது 16,150. குறைந்த 1,850-இல் 900 பேசிவைத்த 5 சதவீதப் பராமரிப்புக் கட்டணம். மீதி 950 "மோட்டார் ரிப்பேர்" என்றால் பில் எங்கே? குடியிருப்பவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மோட்டாரை அவரே தன் காசில் சரிசெய்திருக்கக்கூடும். கமிஷன் மேல் ஜிஎஸ்டி போட்டிருந்தால் பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். எண் இல்லாவிட்டால் வரியும் கிடையாது.

பலரும் தவறுவது வரிசையில். வாடகை அவர் கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே சண்டையை ஆரம்பித்துவிடுகிறார்கள். தனக்குச் சேர வேண்டியதைக் கையிலிருக்கும் பணத்திலேயே பிடித்துக்கொள்ள 217-ஆம் பிரிவு ஏஜென்டுக்கு இடம் கொடுக்கிறது. அதனால் வாடகையை முதலில் உங்கள் கணக்குக்குத் திருப்புங்கள். குடியிருப்பவருக்கு எழுத்தில் சொல்லி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்டை நீக்கியது தெரியாமல் குடியிருப்பவர் அவரிடம் கட்டிய வாடகை செல்லும். மறுபடி கேட்க முடியாது. பவர் பத்திரம் பதிந்து கொடுத்திருந்தால் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரமும் பதிய வேண்டும்.

பிறகு விலக்கல் கடிதம், ஸ்பீட் போஸ்டில். 30 நாள் அவகாசம் கொடுப்பது நியாயம். அக்ரிமென்ட்டில் வேறு நாள் கணக்கு இருந்தால் அதன்படி. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்புக்கொண்டு, தக்க காரணமின்றி நடுவில் நீக்கினால் 205-ஆம் பிரிவுப்படி இழப்பீடு கேட்பார். எந்தத் தொகையை ஏற்கிறீர்கள், எதை ஏன் மறுக்கிறீர்கள் என்று எழுதி, ஏற்ற தொகையை அன்றே கட்டிவிடுங்கள். இது முக்கியம். தர வேண்டியது பாக்கி இருக்கும்வரை சாவியையும் பத்திரத்தையும் பிடித்துவைக்க 221-ஆம் பிரிவு அவருக்குப் பிடி கொடுக்கும். அட்வான்ஸ் அவரிடம் இருந்தால் அதையும் கேட்டு எழுதுங்கள். காலி செய்யும் நாளில் குடியிருப்பவர் உங்களைத்தான் கேட்பார்.

பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும். ஏஜென்டுக்குக் கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் இல்லை. அதற்குமுன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பார்க்கலாம். குடோன், கடை வாடகை என்றால் "வணிக நோக்கம்" என்று ஆட்சேபம் கிளப்புவார்கள். அதற்குச் சிவில் கோர்ட்டே நேர்வழி.

அடுத்த ஏஜென்டிடம் முதல் நாளே இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: "இதே குடியிருப்பவர் தொடர்ந்தால் ரெனிவல் கமிஷன் இல்லை. பராமரிப்புக் கட்டணம் ஏஜென்ட் விலகும் நாளோடு முடியும்."