சிஆர்பி எண்ணை மட்டும் வைத்து நிமோனியாவை வகை பிரிக்காதீர்கள்

குழந்தைக்கு நிமோனியா என்றதும் வரும் முதல் கேள்வி, பாக்டீரியாவா வைரஸா என்பதுதான். ஆன்டிபயாடிக் தேவையா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. அதனால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் சிஆர்பி எண்ணைத் தேடுகிறார்கள். உடலில் அழற்சி ஏற்பட்டால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்தான் சிஆர்பி.

எண் கூடினால் பாக்டீரியா, குறைந்தால் வைரஸ் என்று கோடு போடுவதுதான் பெரிய தவறு. அடினோவைரஸ் ஒன்றே போதும், சிஆர்பியும் வெள்ளணுக்களும் பாக்டீரியா தொற்றைப் போலவே ஏறிவிடும். இரண்டு கிருமிகளும் சேர்ந்தே தாக்குவதும் உண்டு.

அடுத்தது நேரம். இதை ஏனோ யாரும் கேட்பதே இல்லை. கிருமி தாக்கிய பிறகு சிஆர்பி ஏறத் தொடங்கவே சில மணி நேரம் ஆகும். உச்சத்தைத் தொட ஒன்றரை, இரண்டு நாள் பிடிக்கும். காலையில் காய்ச்சல் கண்டு மதியமே ரத்தம் எடுத்தால், பாக்டீரியா இருந்தும் எண் சாதாரணமாகத் தெரியலாம். தொற்றைக் கணிக்க ரத்தத்தில் அளக்கும் இன்னொரு பொருளான புரோகால்சிடோனின் இதைவிடச் சீக்கிரம் ஏறும். அது மிகக் குறைவாக, மில்லிலிட்டருக்கு 0.25 நானோகிராமுக்குக் கீழே இருந்தால், வழக்கமான பாக்டீரியா நிமோனியாவுக்கு வாய்ப்பு குறைவு. ஆனால் அது கூடியிருப்பதை மட்டும் வைத்து பாக்டீரியா என்று உறுதி செய்ய முடியாது. பிறந்து இரண்டு நாள்கூட ஆகாத சிசுவுக்குத் தொற்று இல்லாமலேயே அது உயரும்.

சிஆர்பியின் அலகையும் பாருங்கள். ஒரு லேபில் 4.8, இன்னொன்றில் 48. முதலாவது டெசிலிட்டருக்கு மில்லிகிராம், இரண்டாவது லிட்டருக்கு மில்லிகிராம். இரண்டும் ஒரே அளவுதான்! இது தெரியாமல் ஒரே நாளில் பத்து மடங்கு ஏறிவிட்டதாகப் பதறுபவர்கள் உண்டு.

டோட்டல் கவுன்ட், அதாவது வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கை, ஸ்டீராய்டு மருந்தாலும் ஏறும். அப்புறம், நிமோனியாவை உண்டாக்கும் ஒரு வகை பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவின் தொற்றில் அது பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். மைக்கோபிளாஸ்மாவுக்கான ஐஜிஎம் (எதிர்ப்புப் புரதம்) பரிசோதனை முதல் வாரத்தில் நெகட்டிவ் வரலாம்; பழைய தொற்றுக்கு மாதங்கள் கழித்தும் பாசிட்டிவ் காட்டலாம்.

சரி, எதைத்தான் நம்புவது? ரிப்போர்ட்டைக் கீழே வைத்துவிட்டு, சட்டையை விலக்கி, அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் குழந்தையின் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் போனால் அது வேக மூச்சு. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, சிஆர்பி எவ்வளவு குறைவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.