டப்பாவைத் திறக்க வழி இருக்கிறதா? கனடா வரும் கொங்கு வீட்டாருக்கு

கோபியில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா மகள் அடுத்த வாரம் பீளமேட்டில் விமானம் ஏறுகிறாள், டொராண்டோ பக்கம் வேலை. கொள்ளுப்பொடியும் பருப்புப்பொடியும் திண்ணையை அடைத்துக் கிடக்கின்றன. அவற்றோடு நான் வைக்கச் சொன்ன சின்னச் சாமான்கள் சில உண்டு. ஏற்கெனவே அங்கே வந்து இறங்கிவிட்டவர்களுக்கும் அவை தேவை.

கனடா அரசு ஒவ்வொரு வீட்டிலும் 72 மணி நேரத்துக்கான அவசரப் பை இருக்கச் சொல்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 லிட்டர் குடிநீர், கெடாத உணவு, டார்ச், ரேடியோ என்று போகும் அந்தப் பட்டியலில், கையால் திருகும் டின் ஓப்பனரும் ஒன்று. நம் ஆட்கள் தண்ணீரையும் டின்னையும் வாங்கிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். 2013 டிசம்பரில் பனிமழை பெய்து மின்கம்பிகள் அறுந்தபோது டொராண்டோவில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனது. சில வீடுகளுக்கு அது திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

என் அம்மா முதல்முறை கனடாவில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு ஜனவரி ராத்திரி கரண்ட் போய்விட்டது. நான் வேலையில் மாட்டிக்கொண்டேன். வீட்டில் கொண்டைக்கடலை டின் ஆறு இருந்தது, ஓப்பனர் மின்சாரத்தில் ஓடுவது. அம்மா கத்தியால் குத்தித் திறக்கப் பார்த்து உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டார். அதைவிட என்னை வருத்தியது சர்க்கரை மாத்திரைப் புட்டி. "ஏங்கண்ணு, இந்த மூடி சுத்திச் சுத்தி வருதே, தொறக்க மாட்டேங்குதே" என்று போனில் கேட்டார். குழந்தைகள் திறக்காமல் இருக்கச் செய்த மூடி அது. அமுக்கிக்கொண்டே திருக வேண்டும். மூட்டுவலி உள்ள கைக்கு அந்த அமுக்கு வராது.

அதனால் முதலில் மாத்திரையைக் கவனியுங்கள். மருந்துக் கடையில் சாதாரண மூடி போட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம், தருவார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் அந்தப் புட்டி அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

அப்புறம் ஓப்பனர். இரண்டு கைப்பிடியும் ஒரு திருகும் உள்ள சாதாரண வகை போதும். வாங்கிய அன்றே ஒரு டின்னைத் திறந்து பாருங்கள். நீங்கள் மட்டுமல்ல, வீட்டில் பகலில் தனியாக இருக்கப் போகிறவர் எவரோ அவரும் திறக்க வேண்டும். வளையம் இழுத்துத் திறக்கும் டின்தானே என்று இருக்காதீர்கள், வளையம் பிய்ந்து கையோடு வருவது உண்டு. திறந்த மூடியின் விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும். பையில் ஒரு ஜோடி தடித்த கையுறை வையுங்கள். ஓப்பனரையும் கத்தரிக்கோலையும் சணல் கயிற்றால் பையிலேயே கட்டிவிடுங்கள், இருட்டில் தேட வேண்டியதில்லை. ஊரிலிருந்து வாங்கி வருவதென்றால் இரண்டையும் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள்.

திறப்பதற்கு இவ்வளவு. திரும்ப மூடுவதில் நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டிய கை நம் அம்மாக்களுடையது. திருப்பூரில் சொந்தக்காரர் இருந்தால் பனியன் வேஸ்ட் துணி ஒரு கட்டு கேட்டு வாங்குங்கள். இழுத்தால் நீளும், முடிச்சு வழுக்காது. பாக்கெட் வாயை மடித்துக் கட்டலாம், இறுகிய மூடியைச் சுற்றிப் பிடித்துத் திருகலாம். காங்கயத்து அரிசி மூட்டைத் தையலைச் சரியான நுனி பிடித்து இழுத்தால் மொத்தமும் சரசரவென்று பிரியுமே, கனடாவில் வாங்கும் பெரிய அரிசிப் பையிலும் பல நேரம் அதே தையல்தான். அந்த நூலையும் எறியாதீர்கள்.

துணிக் கிளிப் ஒரு டஜன், ஜிப் வைத்த பைகள், டக்ட் டேப் ஒரு சுருள். குளிரில் டேப் சரியாக ஒட்டாது, ஒட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் உடம்போடு வைத்துச் சூடாக்குங்கள். அதன் நுனியை ஒரு விரல் அகலம் மடித்து விடுங்கள், இருட்டில் தடவினால் கிடைக்கும்.

ஆனால் இப்படிக் கட்டி வைப்பதெல்லாம் அவல், பிஸ்கட், சத்துமாவு போன்ற காய்ந்த பொருட்களுக்கு மட்டுமே. திறந்த டின் உணவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் குளிர்ச்சி இல்லாமல் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஆகவே ஒரு வேளைக்குத் தீரும் சின்ன டின்களாக வாங்குங்கள். கரண்ட் போனதும் பிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் உள்ளே 4 மணி நேரம் வரை குளிர் நிற்கும். நிறைந்த பிரீசரில் 48 மணி நேரம், பாதி நிறைந்ததில் 24.

பையை காரிலோ கராஜிலோ குளிர்காலம் முழுக்க விட்டு வைக்க வேண்டாம். டின்னுக்குள் தண்ணீர் உறைந்து உப்பிவிடும். உப்பிய டின்னைத் திறக்கவே திறக்காதீர்கள், ருசி பார்ப்பதும் கூடாது. அக்கா மகளிடம் பையை வாசல் கதவுக்குப் பக்கத்து அலமாரியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். நேற்று இங்கே கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு டின்னைத் திறந்து காட்டினாள். அக்கா இரண்டாவது தடவையில் திறந்தார்.