அனேபிளா, இன்கேபபிளா? ‘முடியாது’ என்று ஆங்கிலத்தில் எழுதும் முறை

‘ஐ ஆம் இன்கேபபிள் டு கம் டுடே’ என்று மெயில் போட்டாலும் லீவ் கிடைத்துவிடும். படிக்கிறவர் சிரிப்பை அடக்கிக்கொள்வார், அவ்வளவுதான். ஆபீஸ் மெயில்களில் இதைத் திரும்பத் திரும்பத் திருத்திக் கொடுத்த பிறகு எனக்குக் கைவந்த வழி இது.

முதல் படி: சொல்ல வந்ததைத் தமிழிலேயே ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வாயில் ‘முடியவில்லை’ வருகிறதா, ‘வராது’ வருகிறதா?

தாம்பரத்தில் ரயில் நின்றுவிட்டது, மீட்டிங்குக்கு வர முடியவில்லை. ஆசை இருந்தது, சூழ்நிலை விடவில்லை. இது ‘அனேபிள்’. ‘அவளுக்குப் பொய் சொல்லவே வராது’ என்றால் அது குணத்திலேயே இல்லை. இது ‘இன்கேபபிள்’: ‘ஷி இஸ் இன்கேபபிள் ஆஃப் லையிங்’. கவனியுங்கள், இங்கே அது பாராட்டு. அதையே ‘ஷி இஸ் அனேபிள் டு லை’ என்று மாற்றினால், பொய் சொல்லத்தான் பார்க்கிறாள், ஏதோ தடுக்கிறது என்று ஆகிவிடும்.

இரண்டாம் படி: வால். அர்த்தம் சரியாகப் பிடித்தவர்களும் சறுக்குவது இங்கேதான். அனேபிளுக்குப் பின்னால் ‘டு’, அதன் பின் வெறும் வினைச்சொல்: அனேபிள் டு அட்டெண்ட். இன்கேபபிளுக்குப் பின்னால் ‘ஆஃப்’, வினைச்சொல்லோடு ‘இங்’: இன்கேபபிள் ஆஃப் அட்டெண்டிங். இரண்டையும் குறுக்கே மாற்றிப் போடவே கூடாது. தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல் ‘ஏபிள் டு’, ‘கேபபிள் ஆஃப்’ என்று ஜோடியாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். எதிர்ச்சொல்லுக்கும் அதே வால்தான். நம் ஊர் ஸ்பெஷலான ‘ஐ கான்ட் ஏபிள் டு கம்’மையும் இங்கேயே விட்டுவிடுங்கள். ‘கான்ட் கம்’ போதும். இல்லையென்றால் ‘ஆம் நாட் ஏபிள் டு கம்’. அனேபிள் பெயர்ச்சொல்லாக மாறும்போது ‘இன்எபிலிட்டி’. ‘அன்எபிலிட்டி’ என்று எழுதாதீர்கள்.

மூன்றாம் படி: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்குமா? ‘இன்காம்பிடன்ட் (திறமையில்லாத) மேனேஜர்’ நிற்கும். ‘அனேபிள் மேனேஜர்’ நிற்காது.

அந்த இன்காம்பிடன்ட் இருக்கிறதே, அது துப்பில்லாதவன் என்று முகத்துக்கு நேராகச் சொல்வது. ‘இனெப்ட்’ என்றால் தத்துப்பித்தென்று சொதப்புகிறவர். இரண்டும் திட்டு, மெயிலில் வேண்டாம். சட்டத்தில் மட்டும் கதை வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 11, யார் ஒப்பந்தம் போடத் தகுதியானவர் என்று சொல்கிறது. மைனர் அதில் வரமாட்டார், அதனால் அவர் ‘இன்காம்பிடன்ட் டு கான்ட்ராக்ட்’. பையன் கெட்டிக்காரனாகவே இருக்கலாம், வயது பதினெட்டு ஆகவில்லை, அவ்வளவே. ‘கையாலாகாத’ என்பதற்கு ‘இம்பொடன்ட்’ என்று அகராதியில் இருந்தாலும் ஆளைப் பற்றி எழுதும்போது தொடாதீர்கள். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ஆண்மைக்குறைவுதான்.

டூல் என்று கேட்டால், மொழிபெயர்ப்பு ஆப்களை இந்த வேலைக்கு நான் திறப்பதே இல்லை. இரண்டுக்கும் ‘முடியாத’ என்று நீட்டினால் எதை எடுப்பது? ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டின் லர்னர்ஸ் டிக்‌ஷனரிகளும் இணையத்தில் இலவசம். வால் என்ன என்பதை உதாரணத்தோடு காட்டும். பேச்சில் இந்த வம்பே வேண்டாம், ‘கான்ட்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பின்சேர்க்கை: ‘எனக்கு நீச்சல் வராது, அப்போ இன்கேபபிள் ஆஃப் ஸ்விம்மிங்கா?’ என்று ஒரு வாசகர் மடக்கிவிட்டார். இல்லை. கற்றுக்கொண்டால் வந்துவிடும் என்றால் ‘ஐ கான்ட் ஸ்விம்’ மட்டுமே. எத்தனை கோச் வைத்தாலும் வராது என்கிற இடத்துக்குத்தான் இன்கேபபிள். ‘டிஸேபிள்ட்’ பற்றியும் கேட்டிருந்தார்கள்: லாகின் கணக்கை முடக்கினால் ‘அக்கவுண்ட் டிஸேபிள்ட்’ சரி. மாற்றுத்திறனாளிகளைக் குறிக்க, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் உள்ளபடி ‘பர்சன்ஸ் வித் டிஸெபிலிட்டீஸ்’ என்று எழுதுங்கள்.