புது நிலமா? முதல் மழைக்காலம் முடியும்வரை எதையும் கட்டாதீர்கள்

கிரயம் முடிந்த கையோடு வேலி இங்கே, கொட்டகை அங்கே என்று குச்சி நட ஆரம்பித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான். கோடையில் நல்ல சமதளமாகத் தெரிந்த ஒரு மூலையில் கொட்டகை போட்டேன். முதல் பெருமழையிலேயே உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர், அடுக்கி வைத்திருந்த உர மூட்டையெல்லாம் கல்லாகிவிட்டது. நான் கொட்டகை போட்டது தண்ணீர் போகிற வழி. அதற்கான அடையாளங்கள் கண் முன்னாலேயே கிடந்தன, எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

முதலில் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர், ஆக 50 மில்லிமீட்டர் மழைக்கு ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. இது உங்கள் நிலத்தில் விழுவது மட்டும். மேட்டுப்பக்கத்து நிலங்களிலிருந்து இறங்கி வருவது தனி.

அதனால் மழை பெய்யும்போதே குடையை எடுத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடங்கள் (இடி மின்னல் இருந்தால் வேண்டாம், ஓடுகிற வெள்ளத்திலும் இறங்க வேண்டாம்). தண்ணீர் எந்த இடத்தில் உள்ளே வருகிறது, எங்கே வேகமெடுக்கிறது, எங்கே தேங்குகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பார்த்து, அங்கங்கே குச்சி நட்டு செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கலங்கலாக ஓடினால் மேலே எங்கோ மண் அரிக்கிறது என்று அர்த்தம். மழை நின்று இரண்டு மூன்று நாள் கழித்தும் ஓரிடத்தில் தெளிந்த தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தால் அது பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து வரும் ஊற்று, அந்த இடத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

மழையைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, மறுநாள் போய் வேலியைப் பாருங்கள். கீழ்க்கம்பியில் வைக்கோலும் சருகும் சிக்கித் தொங்கும்; அது எந்த உயரத்தில் தொங்குகிறதோ அந்த அளவுக்காவது தண்ணீர் ஏறியிருக்கிறது. புல் எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறதோ அதுதான் ஓட்டத்தின் திசை. செடியின் அடித்தண்டில் சேற்றுக்கோடு இருக்கும், ஓட்டம் தளர்ந்த இடத்தில் மெல்லிய வண்டல் படிந்து காய்ந்ததும் ஓடு ஓடாகப் பெயரும்.

கோடையிலும் படிக்க விஷயம் இருக்கிறது. சுற்றிலும் காய்ந்து கிடக்க ஒரு திட்டு மட்டும் பச்சையாக இருந்தால் அடியில் ஈரம் இருக்கிறது. கோரை அடர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் நிற்கும் பழக்கம் உண்டு. சந்தேகமாக இருந்தால் இரண்டடி தோண்டுங்கள்: சாம்பல் நிற மண்ணில் துருப்பிடித்தது போலப் புள்ளிகள் தெரிந்தால், வருடத்தில் கொஞ்ச காலமாவது அந்த மண் நீரில் ஊறிக் கிடக்கிறது.

மண் எவ்வளவு குடிக்கும் என்று பார்க்க ஓர் அடி ஆழக் குழி போதும். ஒருமுறை நிரப்பி முழுதாக வடியவிடுங்கள், அப்புறம் மறுபடி நிரப்பி உள்ளே ஒரு ஸ்கேலை நட்டுவிட்டு மணிக்கொருமுறை பாருங்கள். மறுநாள் காலைவரை தண்ணீர் அப்படியே நின்றால் அங்கே மழைநீரை ஊறவிடக் குழி வெட்டுவது வீண், குட்டைக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். சரிவை மட்டும் கண்ணால் மதிப்பிடாதீர்கள், கண் ஏமாற்றும். கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் நிரப்பிய டியூப் போதும், இரண்டு பேர் ஒரு மதியத்தில் முக்கியமான இடங்களை அளந்துவிடலாம்.

கிணறு இருந்தால் கயிற்றில் கல் கட்டி மாதம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து தேதியோடு எழுதுங்கள். மழை பெய்த எத்தனையாவது நாளில் ஏறுகிறது என்பது பின்னால் ரொம்ப உதவும்.

பக்கத்தில் வெகுகாலமாக விவசாயம் செய்கிறவர்களிடமும் ஆடு மாடு மேய்ப்பவர்களிடமும் கேளுங்கள். "இங்கே தண்ணீர் வருமா" என்று கேட்டால் வரும் என்பார்கள், அவ்வளவுதான். "பெரிய மழையில் எதுவரைக்கும் வந்தது, காட்டுங்கள்" என்று கூடவே நடந்தால் விரலை நீட்டிக் காட்டிவிடுவார்கள். கீழ்நிலத்துக்காரரை விட்டுவிடாதீர்கள். உங்கள் நிலத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் அவர் வயலுக்குத்தான் போகிறது. நீங்கள் கரை போட்டு அதைத் திருப்பினாலோ மறித்தாலோ முதலில் சண்டைக்கு வருபவரும் அவர்தான்.